‘குறைக்கிறது’ என்பதும் ‘குறைக்கிறதாம்’ என்பதும்

தமிழில் ‘ஆம்’ என்றோர் ஒட்டு உண்டு. ‘வெளியே மழை பெய்கிறது’ என்பவர் சன்னலைத் திறந்து பார்த்தவர். ‘வெளியே மழை பெய்கிறதாம்’ என்பவர், பார்த்தவர் சொல்லக் கேட்டவர். வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும் இந்தச் சிற்றொட்டு, செய்திக்குப் பொறுப்பு யாருடையது என்பதைப் பிரித்துக் காட்டிவிடுகிறது. தெலுங்கின் ‘அட’, கன்னடத்தின் ‘அந்தெ’, மலையாளத்தின் ‘அத்ரே’ ஆகியனவும் ஏறத்தாழ இதே வேலையைச் செய்கின்றன. அண்டை வீட்டுச் சண்டையைப் பற்றிப் பேசும்போதுகூட எவரும் இந்த ஒட்டைத் தவறவிடுவதில்லை. உயிர் போகும் காரியத்தைப் பற்றி எழுதும் மருத்துவ எழுத்துதான் அதைத் தவறவிடுகிறது. தவறவிடுவது தற்செயலும் அன்று.

‘கரோட்டிட் அறுவை சிகிச்சை பக்கவாத அபாயத்தைப் பாதியாகக் குறைக்கிறது.’ இந்த வாக்கியம் மருத்துவமனைக் கையேடுகளில் வருகிறது. முதுநிலை மருத்துவ ஆய்வேடுகளின் முதல் இயலில் வருகிறது. கருத்தரங்குகளின் திரையில் பெரிய எழுத்தில் வருகிறது. இலக்கணப்படி பிழையில்லாத வாக்கியம். ஆனால் இதில் அறுத்தவர் இல்லை, அறுக்கப்பட்டவர் இல்லை, ஊரும் ஆண்டும் இல்லை. ‘சூரியன் கிழக்கே உதிக்கிறது’ என்பதில் வரும் அதே நிகழ்காலம். ஒரு நாட்டில் ஒரு காலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலரின் கைகளால் விளைந்த ஒரு முடிவு, இந்த வினைமுற்றினால் இயற்கை விதியாகப் பதவி உயர்வு பெற்றுவிடுகிறது. அதன் பிறகு எந்த மருத்துவமனையும் அதைத் தன் வெற்றியாகச் சொல்லிக்கொள்ளலாம். இரவல் நகை அணிந்து கல்யாணத்துக்குப் போவதில் தவறில்லை. அதை அடகு வைத்துக் கடன் வாங்குவதுதான் தவறு.

இந்தப் ‘பாதி’ எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். கழுத்தின் இருபுறமும் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனியில் கொழுப்புப் படிவு சேர்ந்து வழி சுருங்கும்போது, அதிலிருந்து பெயரும் துணுக்கு மூளைக்குள் சென்று அடைத்தால் பக்கவாதம் வருகிறது. தமனியைத் திறந்து படிவை உரித்தெடுப்பதே அறுவை சிகிச்சை. அதே உரித்தெடுப்பின்போது துணுக்கு பெயர்ந்தால், தடுக்க வந்த சிகிச்சையே பக்கவாதத்தைக் கொடுத்துவிடும். ஆகவே இது எதிர்கால அபாயம் ஒன்றை நீக்க இன்றைய அபாயம் ஒன்றை விலையாகக் கொடுக்கும் பேரம். விலை என்ன என்று தெரியாமல் பேரத்தில் லாபம் உண்டா என்று சொல்ல முடியாது.

எந்த அறிகுறியும் இல்லாமல், பரிசோதனையில் மட்டும் 60 சதவீதத்துக்கு மேல் சுருக்கம் தெரியவந்த 1,662 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ‘ஏகாஸ்’ ஆய்வு 1995இல் வெளியானது. ஐந்தாண்டுகளில் பக்கவாதமோ அறுவையையொட்டிய மரணமோ நேரும் அபாயம், மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 11 சதவீதம். அறுவை செய்துகொண்டவர்களுக்கு 5.1 சதவீதம். பதினொன்றில் ஏறத்தாழ ஐந்து என்றால் பாதிக்கும் மேல் குறைவு, கணக்கு சரி. ஆனால் நூறு பேரை நிறுத்தி எண்ணினால், அவர்களில் 89 பேருக்கு அறுவை செய்யாமலே எதுவும் நேர்ந்திருக்காது. ஐவருக்கு அறுவை செய்தும் நேர்ந்தது. பயன் பெற்றவர் ஆறு பேர். ‘நூறு பேருக்குக் கழுத்தை அறுத்தால் ஐந்தாண்டில் ஆறு பேருக்குப் பயன்’ என்று எந்தக் கையேடும் அச்சிடுவதில்லை. அந்த ‘ஐந்தாண்டு’கூட முழுக்கப் பார்த்தறிந்தது அன்று; நோயாளிகள் கண்காணிக்கப்பட்ட காலத்தின் இடைநிலை 2.7 ஆண்டுகளே. மிச்சம் புள்ளியியல் நீட்டிக் கணித்தது. முறை தவறானதன்று, ஆனால் ‘குறைக்கிறது’ என்ற சொல்லில் இந்தக் கணிப்பின் சாயல்கூட இல்லை.

அந்த ஆறு பேரும் கிடைத்ததற்கு ஒரு நிபந்தனை இருந்தது. அறுவையையொட்டிய முப்பது நாளில் பக்கவாதமும் மரணமும் சேர்ந்து 2.3 சதவீதத்துக்குள் நின்றன. அப்படி நின்றது தற்செயலன்று: ஆய்வில் சேர விரும்பிய அறுவை மருத்துவர்கள் தங்கள் பழைய முடிவுகளை ஒப்படைத்து, அவை தேறினால் மட்டுமே சேர்க்கப்பட்டார்கள். இனி எளிய கூட்டல் கழித்தல். ஒரு மருத்துவமனையின் அறுவைக்கால விபத்து வீதம் 2.3க்குப் பதிலாக 8.2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கூடுதலாகப் போன 5.9 புள்ளிகள் கிடைத்த 5.9 புள்ளிகளை அப்படியே விழுங்கிவிடுகின்றன. அங்கே அறுவை சிகிச்சை எதையும் குறைப்பதில்லை. அதற்கும் மேல் போனால், குறைக்கவேண்டியதைக் கூட்டுகிறது. 8.2 என்பது மிகைக் கற்பனையா? 1981இல் அமெரிக்காவில் இந்த அறுவையைச் செய்துகொண்ட முதியோர் 1,302 பேரின் கோப்புகளை ராண்ட் நிறுவன ஆய்வாளர்கள் புரட்டிப் பார்த்து 1988இல் எழுதியபோது, பெரும் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தவர்கள் 9.8 சதவீதம். அறுவைகளில் 35 சதவீதம் தகுந்த காரணத்துக்காகவும், 32 சதவீதம் தகாத காரணத்துக்காகவும் செய்யப்பட்டிருந்தன. மிச்சம் இரண்டுக்கும் நடுவில். அன்றைய அமெரிக்கப் பிரசுரங்களும் ‘குறைக்கிறது’ என்றுதான் எழுதியிருக்கும்.

அறிகுறி உள்ளவர்களின் நிலை வேறு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஒரு கை சில நிமிடம் மரத்துப்போய் மீண்டவர், பேச்சு ஒரு மணிநேரம் குழறித் தெளிந்தவர், அந்தப் பக்கத் தமனியில் 70 சதவீதத்துக்கு மேல் சுருக்கம் உள்ளவர்: இவர்களுக்கு ‘நாசெட்’ ஆய்வு 1991இல் காட்டிய பயன் பெரிது. இரண்டே ஆண்டில் அதே பக்கத்துப் பக்கவாதம் 26 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாக இறங்கியது. ஆறு பேருக்கு அறுவை செய்தால் ஒரு பக்கவாதம் தடுக்கப்படும் என்பது மருத்துவத்தில் அரிதாகக் கிடைக்கும் வரவு. ஆனால் அந்த ஆய்விலும் வாயிற்காவல் இருந்தது. முந்தைய 24 மாதங்களில் தொடர்ச்சியாகச் செய்த குறைந்தது 50 அறுவைகளில் பக்கவாதமும் மரணமும் 6 சதவீதத்துக்குள் இருந்தால் மட்டுமே ஒரு மையம் உள்ளே வரலாம். ‘தொடர்ச்சியாக’ என்ற அடைமொழியைக் கவனிக்க வேண்டும். பொறுக்கியெடுத்த ஐம்பது அல்ல. மேலும், காலம் இதில் கொடியது. இத்தகைய ஆய்வுகளின் தரவுகளை ராத்வெல் குழுவினர் 2004இல் ஒருங்குவைத்துப் பார்த்தபோது, கடைசி அறிகுறியிலிருந்து இரண்டு வாரத்துக்குள் சேர்க்கப்பட்டவர்களில் ஐவருக்கு அறுவை செய்தால் ஒரு பக்கவாதம் தடுக்கப்பட்டது. பன்னிரண்டு வாரம் கழித்துச் சேர்க்கப்பட்டவர்களில் ஒன்றைத் தடுக்க 125 பேருக்கு அறுவை செய்யவேண்டியிருந்தது. ஒரே அறுவை, ஒரே தமனி. இடையில் கடந்தது மூன்று மாதம். ஸ்கேனுக்கு ஒரு தேதி, காப்பீட்டு அனுமதிக்கு ஒரு தேதி, அறுவை அரங்குக்கு ஒரு தேதி என்று காத்திருந்து பதிமூன்றாம் வாரம் மேசையில் ஏறுபவரிடம் இரண்டாம் வாரத்தின் எண்ணைச் சொல்லிக் கையெழுத்து வாங்கினால், அந்தக் கையெழுத்தை ஒப்புதல் என்று எப்படி அழைப்பது?

ஆய்வரங்கின் முடிவு ஊர் மருத்துவமனைக்கு அப்படியே வந்து சேர்வதில்லை என்பதும் எண்ணிப் பார்க்கப்பட்ட விஷயமே. அமெரிக்க மெடிகேர் திட்டத்தில் இந்த அறுவையைச் செய்துகொண்ட 1,13,300 பேரின் பதிவுகளை வென்பெர்க் குழுவினர் 1998இல் ஆராய்ந்தார்கள். நாசெட் ஆய்வுக்குள் அறுவைக்கால மரணம் 0.6 சதவீதம், ஏகாஸ் ஆய்வுக்குள் 0.1 சதவீதம். அதே ஆய்வுகளில் பங்கேற்ற மருத்துவமனைகளில், ஆய்வுக்கு வெளியே வந்த சாதாரண நோயாளிகளிடையே 1.4 சதவீதம். ஆய்வில் பங்கேற்காத, குறைவாக அறுவை செய்யும் மருத்துவமனைகளில் 2.5 சதவீதம். கூடமும் கத்தியும் மாறாமலே எண் மாறிவிட்டது. மேசையில் படுத்தவர்தான் மாறினார்.

இவற்றையெல்லாம் விட மொழியியல் மாணவர்கள் ஊன்றிப் படிக்கவேண்டியது 1996இல் ராத்வெல், ஸ்லாட்டரி, வார்லோ ஆகியோர் செய்த தொகுப்பாய்வு. கரோட்டிட் அறுவையின் விபத்து வீதத்தைச் சொன்ன 51 கட்டுரைகளை அடுக்கி வைத்து, ‘யார் எண்ணினார்கள்’ என்ற ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அறுவைக்குப் பிறகு நரம்பியல் மருத்துவர் நோயாளியைச் சோதித்த ஆய்வுகளில் பக்கவாதமும் மரணமும் 7.7 சதவீதம். அறுவைத் துறையைச் சேர்ந்த ஒரே ஒருவர் தனியாக எழுதிய கட்டுரைகளில் 2.3 சதவீதம். அறுத்தவரே எண்ணும்போது விபத்து மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. எவரும் பொய் சொன்னதாகக் கொள்ளத் தேவையில்லை. வாயோரம் சற்றே இழுத்திருப்பதும், விரல்கள் பொத்தானைப் போடத் தடுமாறுவதும் தேடுபவர் கண்ணுக்கே தெரியும். ‘பக்கவாதம் எதுவும் ஏற்படவில்லை’ என்று தமிழில் எழுவாயே இல்லாமல் எழுத முடிகிறது. யார் பார்த்து ஏற்படவில்லை என்பதை அந்த வாக்கியம் சொல்லக் கடமைப்படவில்லை.

இந்தியாவுக்கு வரலாம். கரோட்டிட் அறுவைகளின் முடிவுகளை எல்லா மருத்துவமனைகளும் கட்டாயமாகப் பதிந்து வெளியிட வேண்டும் என்ற தேசிய ஏற்பாடு இங்கே இல்லை. இங்கிலாந்தில் இரத்தநாள அறுவை மருத்துவர்களின் முடிவுகள் 2013 முதல் பெயர் சுட்டிப் பொதுவெளியில் வைக்கப்பட்டன. இங்கே ஒரு துறைத்தலைவரிடம் ‘உங்கள் துறையின் எண் என்ன’ என்று கேட்டால், நாசெட்டின் எண்ணைச் சொல்வார் அல்லது ‘எங்களுக்குப் பெரிய சிக்கல் எதுவும் வந்ததில்லை’ என்பார். இரண்டாவது விடை அடக்கமாகத் தோன்றும். கணக்கில் அது முதலாவதைவிட மோசம். இருபது அறுவை செய்து ஒரு விபத்தும் இல்லை என்றால், உண்மையான விபத்து வீதம் பூச்சியம் என்று பொருளில்லை. 14 சதவீதமாக இருந்தாலும்கூட, தொடர்ந்து இருபது முறை தப்பிப்பதற்கு இருபதில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அறிகுறியற்றவர்களுக்கு வழிகாட்டு நெறிகள் விதிக்கும் 3 சதவீத வரம்புக்குள் தாம் நிற்பதாக ஓரளவு உறுதியோடு சொல்ல, ஒரு விபத்தும் இல்லாமல் ஏறத்தாழ நூறு அறுவைகள் வேண்டும். இருபதை வைத்துக்கொண்டு நூறின் மொழியைப் பேசுவது இங்கே அன்றாட வழக்கம்.

நாசெட் ஆய்வில் சேர்க்கப்படாதவர்களின் பட்டியல் ஒன்று உண்டு. சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் செயலிழந்தவர்கள் அதில் அடக்கம். அதாவது டயாலிசிஸ் நோயாளி அந்த எண்ணுக்குள் ஒருபோதும் இருந்ததில்லை. அவருடைய தமனியில் சுண்ணாம்பு படிந்திருக்கும். இரத்த அழுத்தம் டயாலிசிஸ் நாளுக்கொன்றாக ஏறி இறங்கும். ஐந்தாண்டில் கிடைக்கக்கூடிய பயனை அனுபவிக்க ஐந்தாண்டு வாழ்வார் என்ற உறுதியும் குறைவு. பிற்காலப் பதிவேடுகளைப் பார்த்தவர்கள் இவர்களிடையே அறுவைக்கால மரணமும் பக்கவாதமும் கூடுதல் என்றே எழுதியிருக்கிறார்கள். இருந்தும், மாவட்டத் தலைமையிடத்து டயாலிசிஸ் நிலையத்திலிருந்து ஸ்கேன் அறிக்கையோடு பெருநகருக்கு அனுப்பப்படுபவர் காதில் விழுவது அதே ‘பாதியாகக் குறைக்கிறது’.

அவரையே பின்தொடரலாம், ஏனெனில் அவருடைய கோப்பில் இரண்டாவது இரவல் எண் ஒன்றும் இருக்கிறது. ஒரு மாதிரிக்காக அவருக்கு வயது 58 என்றும், வாரம் இருமுறை டயாலிசிஸ் என்றும், ஹீமோகுளோபின் 8 என்றும் வைத்துக்கொள்ளலாம். எரித்ரோபாய்ட்டின் ஊசி போட்டும் ஏறவில்லை. இரத்தப் பரிசோதனைத் தாளில் ஃபெரிட்டின் 640. பக்கத்தில் ‘இயல்பு வரம்பு 30 முதல் 400 வரை’. எண்ணுக்கு அருகே மேல்நோக்கிய அம்புக்குறி. தாளைப் பார்த்த எவருக்கும் ஒரே பொருள்தான் தோன்றும்: இரும்பு மிதமிஞ்சி இருக்கிறது, இரும்பு ஊசி வேண்டாம். அடுத்த தாளில் டிரான்ஸ்ஃபெரின் செறிவு 14 சதவீதம் என்று இருக்கலாம். அந்தச் சோதனையையே எழுதாமலும் விட்டிருக்கலாம்.

‘இயல்பு’ என்ற சொல் இங்கே இரட்டை வேடம் போடுகிறது. பெரும்பாலோரிடம் காணப்படுவது என்பது ஒரு பொருள். நோயற்றது என்பது மற்றொன்று. முதற்பொருளில் பிறந்த வரம்பு இரண்டாம் பொருளில் படிக்கப்படுகிறது. அந்தப் ‘பெரும்பாலோர்’ சிறுநீரகம் வேலை செய்யும் மனிதர்கள். நல்ல உடல்நிலையில் உள்ளவரிடம் ஃபெரிட்டின் உண்மையாகவே கிடங்கிருப்பின் அளவுகோல். வளர்ந்தவர்களுக்கு அது 15க்குக் கீழே போனால் இரும்புக் குறைபாடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். டயாலிசிஸ் நோயாளியிடம் அதே புரதம் இன்னொரு மொழியைப் பேசுகிறது. கழுத்தில் செருகிய குழாயில் கிருமி, ஆறாத புண், காசநோய், டயாலிசிஸ் கொண்டுவரும் அழற்சி எதுவானாலும் ஃபெரிட்டின் ஏறும். அழற்சி கல்லீரலை ஹெப்சிடின் என்ற சுரப்பைப் பெருக்கவைக்கிறது; அது கிடங்கின் கதவைப் பூட்டுகிறது. உள்ளே மூட்டைகள் அடுக்கியிருக்க, எலும்பு மஜ்ஜையில் அடுப்பு எரியவில்லை. அதோடு டயாலிசிஸ் வடிகட்டியிலும் குழாய்களிலும் தங்கிப்போகும் இரத்தம், அடிக்கடி எடுக்கும் சோதனை இரத்தம் என்று ஆண்டுக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் இரும்பு வெளியேறுகிறது. வளர்ந்த ஆணின் உடலில் இருக்கும் மொத்த இரும்பே மூன்று நான்கு கிராம்தான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த இரகசியம் அன்று. 2007இல் வெளியான ‘டிரைவ்’ ஆய்வு, ஃபெரிட்டின் 500 முதல் 1,200 வரையும் டிரான்ஸ்ஃபெரின் செறிவு 25 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருந்த 134 டயாலிசிஸ் நோயாளிகளை எடுத்துக்கொண்டது. ஒரு பகுதியினருக்குச் சிரைவழி ஒரு கிராம் இரும்பு கொடுத்தபோது, ஆறு வாரத்தில் அவர்களுடைய ஹீமோகுளோபின் 1.6 கிராம் உயர்ந்தது, கொடுக்கப்படாதவர்களுக்கு 1.1. ‘மிதமிஞ்சி இருக்கிறது’ எனத் தாள் சொன்ன உடல்கள் கொடுத்த இரும்பை எடுத்துக்கொண்டன. டயாலிசிஸ் தொடங்காத சிறுநீரக நோயாளிகள் நூறு பேரின் எலும்பு மஜ்ஜையையே நேரடியாகச் சோதித்த 2010ஆம் ஆண்டு ஆய்வொன்றில் 48 பேரிடம் இரும்பு வற்றியிருந்தது. ஃபெரிட்டினையும் செறிவையும் வைத்து வழக்கமான முறையில் கண்டுபிடிக்க முடிந்தவர்கள் 17 பேர் மட்டுமே. பிரிட்டனில் 2,141 பேரை வைத்து நடந்து 2019இல் அச்சேறிய ‘பிவட்டல்’ ஆய்வு, ஃபெரிட்டின் 700ஐயோ செறிவு 40ஐயோ தொடும்வரை மாதந்தோறும் 400 மில்லிகிராம் இரும்பு கொடுத்தவர்களையும், குறைந்த பிறகே கொடுத்தவர்களையும் ஒப்பிட்டது. மரணமும் இதயம் சார்ந்த பெருந்தாக்குதல்களும் முன்னவர்களிடம் 29.3 சதவீதம், பின்னவர்களிடம் 32.3 சதவீதம்.

இதனால் அம்புக்குறியைப் புறக்கணித்து எல்லோருக்கும் இரும்பை ஊற்றலாம் என்று ஆகிவிடாது. டிரைவ் ஆறு வாரக் கதை. அதைக்கொண்டு ஆறாண்டுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. காய்ச்சலும் கிருமித்தொற்றும் இருக்கையில் சிரைவழி இரும்பு தவிர்க்கப்பட வேண்டியது. தாராளமாக ஊசி பெற்ற டயாலிசிஸ் நோயாளிகளின் கல்லீரலை எம்ஆர்ஐ மூலம் பார்த்த பிரெஞ்சு ஆய்வில் பெரும்பாலோரிடம் இரும்பு மிகுதியாகப் படிந்திருந்தது. இரு திசையிலும் பிழை காத்திருக்கிறது. அதனாலேயே ஒற்றை எண்ணும் ஒற்றை அம்பும் போதா.

இழப்பு யாருக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரும்பு மறுக்கப்பட்டவருக்கு ஹீமோகுளோபின் இறங்குகிறது. எரித்ரோபாய்ட்டின் அளவு கூட்டப்படுகிறது, செலவும் கூடுகிறது. கடைசியில் இரத்தம் ஏற்றுகிறார்கள். ஏற்றிய இரத்தம் ஃபெரிட்டினை மேலும் உயர்த்துகிறது; அடுத்த மாதம் அம்புக்குறி இன்னும் உறுதியாக நிற்கிறது. அந்நிய இரத்தத்துக்கு எதிராக உடல் உண்டாக்கிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள், நாளை ஒரு சிறுநீரகம் கிடைத்தாலும் அது பொருந்தாமல் போகும் வாய்ப்பைப் பெருக்குகின்றன. மாற்றுச் சிறுநீரகம் என்ற ஒரே வாசல், ஒரு பரிசோதனைத் தாளின் வரம்புப் பத்தியால் ஒருக்களிக்கப்படுகிறது.

மாற்று வழிகள் உண்டு. பிரிட்டனின் நைஸ் அமைப்பு, நிறம் வெளிறிய சிவப்பணுக்களின் பங்கு 6 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. முடியாவிட்டால் ரெட்டிகுலோசைட்டுகளில், அதாவது மஜ்ஜையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த இளம் சிவப்பணுக்களில், ஹீமோகுளோபின் 29 பிகோகிராமுக்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. இளம் அணு ஓரிரு நாள் வயதுடையது. அது மஜ்ஜைக்குச் சென்ற வாரம் இரும்பு கிடைத்ததா என்ற நேரடிச் சாட்சி. ஃபெரிட்டினோ கிடங்குக் கணக்குப்பிள்ளையின் பேரேடு. ஆனால் இந்தச் சோதனைகளையும் அப்படியே இரவல் வாங்கினால் மீண்டும் அதே பிழை. வெளிறிய அணுக்களின் சோதனையை இரத்தம் எடுத்த ஆறு மணிநேரத்துக்குள் முடிக்க வேண்டும்; வைத்திருந்தால் அணுக்கள் உப்பி, பொய்யாகவே வெளிறித் தெரியும். இங்கே சேகரிப்பு மையத்தில் காலையில் எடுக்கும் குப்பி இரவு பேருந்திலேறி மறுநாள் பெருநகர ஆய்வகத்தை அடைகிறது. தலசீமியா மரபுக்கூறு உள்ளவர்களுக்கு இவ்விரு சோதனைகளும் உதவா என்று நைஸ் அமைப்பே எச்சரிக்கிறது. இந்தியாவில் நூற்றுக்கு மூன்று நான்கு பேரிடம் பீட்டா தலசீமியா மரபுக்கூறு இருப்பதாகக் கணக்கு. சில சமூகங்களில் இன்னும் கூடுதல். இங்கிலாந்தின் அடிக்குறிப்பு இங்கே தலைப்புச் செய்தியாகிவிடுகிறது.

இதற்கெல்லாம் மறுப்புகள் ஆயத்தமாக இருக்கின்றன. நோயாளிகளுக்கு எண்கள் புரியாது என்பது முதலாவது. சீட்டுக் கட்டி, தள்ளுபடி கணக்கிட்டு, நூற்றுக்கு மூன்று வட்டிக்கும் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கும் உள்ள வேறுபாட்டில் வாழ்நாளைக் கழிக்கும் மக்களைப் பார்த்துச் சொல்லப்படும் மறுப்பு இது. ‘நூறு பேரில் ஆறு பேர்’ என்பது எவருக்கும் புரியும். ‘ஐம்பத்து மூன்று சதவீதச் சார்பு அபாயக் குறைப்பு’ என்பதுதான் புரியாது; அதுதான் சொல்லப்படுகிறது. நோயாளிகள் மீண்டும் வருவதில்லை, கண்காணிக்க ஆளில்லை என்பது இரண்டாவது. இதில் உண்மை இருக்கிறது. கட்டணம் பாக்கி என்றால் அதே நோயாளியைத் தொலைபேசியில் பிடிக்க முடிகிறது என்பதும் உண்மை. முப்பதாம் நாள் ஒரு அழைப்பு, கையைத் தூக்க முடிகிறதா, பேச்சு தெளிவா என்று இரு கேள்வி. ஆனால் கேட்பவர் அறுத்தவராக இருக்கக் கூடாது. மூன்றாவது மறுப்பு, இதெல்லாம் மருத்துவப் பிரச்சினை, மொழித்துறையினருக்கு இங்கே என்ன வேலை என்பது.

அதற்குப் பதில் சொல்லும் நிலையில் மொழித்துறைகள் இல்லை என்பதுதான் கசப்பு. மருத்துவத் தமிழ் என்றால் கலைச்சொல்லாக்கம் என்று சுருக்கிவைத்துக்கொண்டவர்கள் அவர்களே. ஃபெரிட்டினுக்குத் தனித்தமிழ்ச் சொல் என்ன, டயாலிசிஸ் ‘கூழ்மப்பிரிப்பா’ ‘ஊடுபிரிப்பா’ என்று பட்டறை நடத்திச் சான்றிதழ் வழங்கும் ஊக்கத்தில் பத்தில் ஒரு பங்கு, ஒப்புதல் படிவத்தின் வினைமுற்றுகளின் மீது விழவில்லை. பெயர்ச்சொற்களை மாற்றினால் படிவம் தமிழாகிவிடும் என்பது நம்பிக்கை. எழுவாயை விழுங்கும் செயப்பாட்டு வினையும், காலத்தை விழுங்கும் நிகழ்காலமும், கேட்டதைக் கண்டதாக மாற்றும் ஒட்டிழப்பும் மொழிபெயர்ப்பில் பத்திரமாகக் கடந்துவந்துவிடுகின்றன. சான்றுணர்த்தும் ஒட்டுகளைப் பற்றி முனைவர்ப் பட்டத்துக்காகப் பக்கம் பக்கமாக எழுதும் துறைகள், அவை இல்லாததால் ஆள் கெடும் இடத்தை எட்டிப் பார்ப்பதில்லை. ‘ஆம்’ கொச்சையாம், எழுத்து நடைக்கு ஆகாதாம்.

மருத்துவக் கல்லூரிகளின் ஆய்வேட்டு மரபும் தப்ப முடியாது. முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு சமர்ப்பித்தாக வேண்டும். நாடெங்கும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் சேரும் அந்தக் கட்டுகள், தம் மருத்துவமனையின் பத்தாண்டு அறுவைகளையோ, தம் டயாலிசிஸ் நிலையத்தில் ஃபெரிட்டின் உயர்வென ஒதுக்கப்பட்டவர்களுக்குப் பிறகு என்ன நேர்ந்தது என்பதையோ எண்ணியிருந்தால், இந்த நாட்டுக்கே உரிய எண்கள் இந்நேரம் குவிந்திருக்கும். நடப்பது வேறு. முதல் இயலில் நாசெட்டும் ஏகாஸும் மாறாத சொற்களில் ஓதப்படுகின்றன. முப்பது நோயாளிகள் சேர்க்கப்படுகிறார்கள். முடிவுரை ‘மேலை ஆய்வுகளோடு ஒத்துப்போகிறது’ என்று கையெழுத்திடுகிறது. முப்பது பேரை வைத்து எதுவும் எதனோடும் ஒத்துப்போகும். அதைத் தேர்வாளர் அறிவார், வழிகாட்டி அறிவார், மாணவரும் அறிவார்.

கேட்கப்படுவது பெரிதன்று. கரோட்டிட் ஒப்புதல் படிவத்தில் மூன்று வரி: இந்த மருத்துவமனையில் இதுவரை தொடர்ச்சியாக இத்தனை அறுவைகள், முப்பது நாளில் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தவர் இத்தனை பேர், அவர்களைச் சோதித்தவர் இன்ன துறையினர். எண் இல்லையென்றால் ‘எண்ணப்படவில்லை’ என்ற ஒரு சொல். டயாலிசிஸ் நோயாளியின் பரிசோதனைத் தாளில், நலமாயுள்ளவரின் வரம்புக்குப் பதிலாக, ஃபெரிட்டினையும் டிரான்ஸ்ஃபெரின் செறிவையும் ஒரே வரியில் அச்சிட்டு, ‘அழற்சி இருந்தால் இந்த எண் இரும்பிருப்பைக் காட்டாது’ என்ற குறிப்பு. ஆய்வேட்டின் முதல் இயலில் ‘குறைக்கிறது’ என்று வரும் இடமெல்லாம் ‘1995இல், வட அமெரிக்காவில், முடிவுகள் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவர்களின் கையில், பெரும்பான்மை வெள்ளையரிடம் குறைத்தது’ என்ற முழு வாக்கியம். நீளம் கூடும், பக்க வரம்பு தடையென்றால் ‘குறைக்கிறதாம்’ என்று எழுதிக்கொள்ளலாம், ஓரெழுத்துதான் அதிகம்.

பதிவேட்டுக்கு மென்பொருள் வரட்டும், நிதி வரட்டும், அமைச்சகச் சுற்றறிக்கை வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். நாசெட் ஆய்வுக்கு விண்ணப்பித்த மையங்கள் தங்கள் ஐம்பது அறுவைகளின் கணக்கை ஒப்படைத்தது 1980களில். அதற்குத் தேவைப்படும் பத்திகள் ஐந்து: தேதி, எந்தப் பக்கம், அறிகுறி உண்டா இல்லையா, முப்பதாம் நாள் நிலை, சோதித்தவர் பெயர்.